தாய்மை உருவகமும் உழைப்பின் மறைவும்: பெரும்பாசிக் காடுகள் குறித்த சூழலியல் பெண்ணியக் கலை பற்றிய ஒரு மறுப்பு

முன்னுரை

சூழலியல் பெண்ணியம் தமிழாய்வுக் களத்தில் வேரூன்றிவிட்ட கோட்பாடுகளுள் ஒன்றாகும். சங்கப் பாடல்கள் முதல் தற்காலப் புதினங்கள் வரை பல பனுவல்கள் இக்கோட்பாட்டின் வழி ஆராயப்பட்டுள்ளன. இலக்கியத்தோடு நில்லாது ஓவியம், நெசவு, அணிகலன், நிறுவற்கலை ஆகியவற்றையும் இக்கோட்பாட்டின் துணைகொண்டு விளக்கும் போக்கு வளர்ந்துள்ளது. அவ்வாறு விளக்கப்படுவனவற்றுள் கடலையும் கடற்பாசியையும் பொருளாகக் கொண்ட கலைப்படைப்புகளும் அடங்கும். குளிர்கடல்களில் கெல்ப் எனப்படும் பழுப்புநிறப் பெரும்பாசிகள் காடெனச் செறிந்து வளர்கின்றன. இக்காடுகள் அழிந்துவருதல் கலைஞர் பலரை, குறிப்பாகப் பெண் கலைஞர்களைத் தம்பால் ஈர்த்துள்ளது.

இக்கலையைப் பற்றி எழும் திறனாய்வு பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றது. கடல் தாய், பாசிக்காடு அத்தாயின் கருவறை, பெண் இயல்பிலேயே இயற்கைக்கு அணுக்கமானவள், ஆகவே பெண் படைக்கும் கலை கடலின் குரலாகின்றது என்பது அத்தடம். கேட்பதற்கு இனியதும் மறுப்பதற்குத் தயக்கம் தருவதுமான இக்கருத்து, ஆய்வேடுகளிலும் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் மெய்ப்பிக்கப்பட வேண்டாத உண்மைபோல் எடுத்தாளப்படுகின்றது. இது பெண்ணின் உழைப்பையும் அறிவையும் உரிமையையும் மறைக்கின்றது என்பதும், கடலைக் காத்தற்கும் பயன்படுவதில்லை என்பதும் ஈண்டு நிறுவப்படுகின்றன. ஆஸ்திரேலியாவின் தென்கோடியிலுள்ள தாஸ்மானியத் தீவின் முதுகுடிப் பெண்கள் பாசிக்காட்டிலிருந்து ஆக்கிய கலை இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது.

பாசிக்காடும் அதன் அழிவும்

பெரும்பாசி என்பது மரமன்று. தாவரவியலார் வகுத்த நிலத்தாவரப் பிரிவிலும் அஃது அடங்குவதில்லை. மேக்ரோசிஸ்டிஸ் பைரிஃபெரா என்னும் மாபெரும் பாசி, கடலடிப் பாறையைப் பற்றி நின்று, காற்றுப்பைகளின் துணையால் மேலெழுந்து, 30 மீட்டருக்கும் மேலாக வளரக் கூடியது. உகந்த சூழலில் ஒரு நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் வளரும் இயல்புடையது. மீன்களும் சிங்கி இறால்களும் நத்தைகளும் இதன் நிழலில் உணவும் உறைவிடமும் பெறுகின்றன.

தாஸ்மானியாவின் கிழக்குக் கரையில் இருந்த இப்பாசிக் காடுகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு கடந்த சில பத்தாண்டுகளில் மறைந்துவிட்டது. கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் முன்னினும் தெற்கே நீண்டு, வெப்பமானதும் ஊட்டப்பொருள் குறைந்ததுமான நீரைக் கொணர்ந்தது முதற்காரணம். அந்நீரோடு வடக்கிலிருந்து நீள்முள் கடல் முள்ளெலியும் வந்தது. தாஸ்மானியாவில் அது முதன்முதலாக 1978-இல் பதிவாயிற்று. முள்ளெலியை உண்ணவல்ல பெரிய சிங்கி இறால்கள் மிகுதியாகப் பிடிக்கப்பட்டமையால் அதனைக் கட்டுப்படுத்துவார் இன்றிப் போயிற்று. பாசியை மேய்ந்து தீர்த்த முள்ளெலிக் கூட்டம் பாறைகளை வெறுந்தரையாக்கியது. 2012-இல் ஆஸ்திரேலிய அரசு தென்கிழக்குக் கரையின் மாபெரும் பாசிக் காடுகளை அழிவுக்குள்ளாகும் சூழல் தொகுதியாகச் சட்டப்படி அறிவித்தது.

பருவநிலை மாற்றம், மிகைமீன்பிடிப்பு, இடம்பெயர்ந்த உயிரினம் என்னும் மூன்றும் பின்னிய இவ்வழிவில் நாடுகளின் எரிபொருட் கொள்கையும் மீன்வளச் சந்தையும் நேரடியாகப் பங்கு கொள்கின்றன. இத்தகையதொரு நிகழ்வைத் 'தாயின் துயர்' என ஒரு தொடரில் அடக்கிவிடுவது திறனாய்வாகாது.

'பெண் இயற்கைக்கு அணுக்கமானவள்' என்னும் கூற்று

தாய்மை உருவகத்தை முன்வைப்போர் தம் கருத்துக்குச் சூழலியல் பெண்ணியத்தையே அரணாகக் காட்டுவர். அவ்வரண் அவர்க்கு உதவுவதன்று. இச்சொல்லை 1974-இல் வழங்கிய பிரெஞ்சு எழுத்தாளர் பிரான்சுவாஸ் தொபோன், பெண்ணைத் தாயாகப் போற்றுதற்கு அதனை ஆக்கவில்லை. பெண்ணின் கருவளமும் மண்ணின் வளமும் ஒருங்கே ஆணாதிக்கத்தின் பிடியில் சிக்கின என்பதும், தன் உடல்மீது பெண் முழுவுரிமை பெற்றாலன்றி உலகு அழிவிலிருந்து மீளாது என்பதும் அவர்தம் வாதம். தாய்மை பெண்மீது சுமத்தப்படலாகாது என்று எழுந்த சொல், பெண்ணைத் தாய்மையிலேயே நிறுத்தும் சொல்லாக மாற்றப்பட்டது வியப்பிற்குரியது.

அதே 1974-இல் மானிடவியலார் ஷெர்ரி ஆர்ட்னர் பெண்ணை இயற்கையோடும் ஆணைப் பண்பாட்டோடும் இணைத்துக் காணும் வழக்கத்தை ஆராய்ந்தார். அவ்விணைப்பு பெண்ணின் தாழ்நிலைக்குக் காரணம் காட்டும் பண்பாட்டுக் கட்டுமானம் என்பது அவர் முடிபு. மரியா மீஸும் வந்தனா சிவாவும் இணைந்து எழுதிய நூல் 1993-இல் வெளிவந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே, 1992-இல், பொருளியலறிஞர் பினா அகர்வால் இந்தியச் சான்றுகளைக் கொண்டு இவ்வகை வாதத்தின் குறையைச் சுட்டியிருந்தார். இயற்கையோடு பெண்கொள்ளும் உறவு அவள் பிறப்பால் அமைவதன்று. வேலைப் பிரிவினை, சொத்துரிமை, வர்க்கம், சாதி ஆகியவற்றால் அமைவது என்பது அவர் நிலைப்பாடு. இந்திய அறிஞர் ஒருவர் இந்திய நிலத்தை முன்வைத்து எழுப்பிய இவ்வினா, தமிழ் ஆய்வேடுகளில் பெறவேண்டிய இடத்தைப் பெறவில்லை.

பாசியின் வாழ்வியலே இவ்வுருவகத்திற்கு இடந்தருவதில்லை என்பதும் நோக்கத்தக்கது. மாபெரும் பாசியின் காடாகக் கண்ணுக்குத் தோன்றுவது அதன் வித்திகளை ஈனும் தலைமுறை. அத்தலைமுறை ஆணுமன்று, பெண்ணுமன்று. அது வெளியிடும் வித்திகள் பாறையில் படிந்து, நுண்ணோக்கியால் மட்டுமே காணத்தக்க ஆண், பெண் உருக்களாக வளர்கின்றன. அவற்றின் சேர்க்கையால் மீண்டும் காடு பிறக்கின்றது. கலைஞர் தாயெனக் காணும் பேருருவிற்குப் பாலில்லை. பாலுடைய உருக்களோ எவர் கண்ணிற்கும் படுவதில்லை. இந்த வியத்தகு உண்மையை அறிந்து படைக்கும் கலை, 'கருவறை' என்னும் பழகிய சொல்லைக் காட்டிலும் ஆழமான உருவகத்தைக் கண்டிருக்கும்.

புகழ்மொழி உழைப்பை எவ்வாறு மூடும் என்பதற்குப் பாசியியல் வரலாற்றிலேயே சான்றுண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆய்வு செய்த காத்லீன் ட்ரூ-பேக்கர், நோரி என்னும் உணவுப்பாசியினத்தின் வாழ்க்கைச் சுழற்சியில் அறியப்படாதிருந்த கட்டத்தை 1949-இல் வெளிப்படுத்தினார். சிப்பி ஓட்டினுள் வாழும் நுண்ணிய இழையே அப்பாசியின் மற்றொரு நிலை என்பது அவர் கண்டுபிடிப்பு. சப்பானில் நோரி வளர்ப்பு பெருந்தொழிலாக எழுதற்கு இஃது அடிப்படையாயிற்று. அந்நாட்டின் குமாமோத்தோ மாவட்டத்திலுள்ள உத்தோவில் 1963-இல் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. 'கடலின் தாய்' என அவர் போற்றப்படுகின்றார். ஆனால் 1928-இல் மணம் புரிந்துகொண்டமையால் அவர் ஊதியப் பணியை இழந்தார்; அதன்பின் ஊதியமின்றியே ஆய்வைத் தொடர்ந்தார். 'கடலின் தாய்' என்னும் பட்டம் நன்றியின் வெளிப்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்பட்டத்தை மட்டும் அறிந்தோர், மணமான பெண் என்பதற்காகப் பணி மறுக்கப்பட்ட அறிவியலாளரை அறியமாட்டார்.

தாவரப் பெயரில் எஞ்சிய கைத்தொழில்

தாஸ்மானியக் கரையில் மாபெரும் பாசியோடு டுர்வில்லியா என்னும் மற்றொரு பெரும்பாசியும் வளர்கின்றது. அலை மோதும் பாறைகளில் தோல்போலத் தடித்த இலைப்பரப்போடு வளரும் இதனையும் அந்நாட்டார் கெல்ப் என்றே வழங்குவர்; பாசியியலார் மட்டும் இதனை வேறொரு வரிசையில் வைப்பர். தாஸ்மானிய முதுகுடிகளாகிய பாலவா மக்கள் இப்பாசியிலிருந்து நீர் முகந்து கொண்டுசெல்லும் கலம் செய்தனர். ரிக்காவா என்பது அதன் பெயர். ஈரமான பாசியை வட்டமாக அறுத்து, விளிம்பைச் சுருக்கிக் குச்சி கோத்து, நாரால் திரித்த கைப்பிடி பூட்டி உலர்த்துவர். உலர்ந்தபின் அது தோல்போல இறுகி நீர் தாங்கும்.

1792-இலும் 1793-இலும் தோன்ட்ர்காஸ்தோ தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பல்கள் தீவின் தென்கரையில் தங்கின. அவற்றில் வந்த தாவரவியலார் லபில்லார்தியேர் இக்கலத்தைக் கண்டார். பெண்கள் குளிர்கடலில் மூழ்கிச் சிப்பியும் சிங்கி இறாலும் கொணர்ந்து குடும்பத்திற்கு உணவளித்ததையும் கண்டு தம் பயண நூலில் எழுதினார். பின்னர் அப்பாசிக்கு அறிவியற்பெயர் இட்டபோது 'பொட்டேட்டோரம்' என்னும் இலத்தீன் சொல்லைத் தேர்ந்தார். 'குடிப்போருக்குரியது' என்பது அதன் பொருள். பாசியின் பேரினப் பெயரோ பிற்காலத்தில் டுமோன் துர்வில் என்னும் பிரெஞ்சுக் கடலோடியின் பெயரால் அமைந்தது.

டுர்வில்லியா பொட்டேட்டோரம் என்னும் இவ்விரு சொற்களில் ஒரு வரலாறு அடங்கியுள்ளது. கடலோடியின் பெயர் அதில் உண்டு. கலத்தில் நீர் குடித்தோர் உளர். கலத்தைச் செய்தோர் மட்டும் இலர். இலண்டனில் 1851-இல் நிகழ்ந்த மாபெரும் பொருட்காட்சிக்குத் தாஸ்மானியாவிலிருந்து அனுப்பப்பட்ட ரிக்காவா ஒன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதனைத் திரட்டி அனுப்பிய ஸ்காட்லாந்து மருத்துவர் ஜோசப் மில்லிகனின் பெயர் பதிவேட்டில் உள்ளது. செய்தவர் பெயர் அங்கும் இல்லை.

இப்பெயரின்மை தற்செயலானதன்று. 1803-இல் ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கிய பின்னர் மூன்று பத்தாண்டுகளுக்குள் பாலவா மக்களுள் மிகப் பெரும்பாலோர் போரிலும் நோயிலும் அழிந்தனர். எஞ்சியோர் ஃபிளிண்டர்ஸ் தீவிலிருந்த வைபலென்னா குடியிருப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அது 1847-இல் மூடப்படுவதற்குள் அவர்களுள் பலர் அங்கேயே மாண்டனர். கடல்நாய் வேட்டைக்காரர்கள் பாலவாப் பெண்களைக் கவர்ந்து பாஸ் நீரிணைத் தீவுகளில் வைத்துக்கொண்டனர். நீந்தவும் மூழ்கவும் வேட்டையாடவும் அப்பெண்கள் பெற்றிருந்த திறனே அதற்கு ஒரு காரணம். 1876-இல் ட்ருகனினி என்னும் பெண் இறந்தபோது தாஸ்மானிய இனமே முடிந்துவிட்டதென உலகம் அறிவித்தது. அவ்வறிவிப்பு பொய்யாயிற்று. நீரிணைத் தீவுகளில் வாழ்ந்த பெண்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தம்மைப் பாலவா என உரிமையோடு அழைத்துக்கொள்கின்றனர்.

அத்தீவுகளில் அறுபடாது நின்ற கலை சிப்பிமாலை கோத்தலாகும். கடற்பாசிகளின்மீது வாழும் மைரீனர் என்னும் சிறு நத்தையின் ஓடு, மேற்புறத்தோல் நீக்கப்பட்டபின் பச்சையும் நீலமும் இளஞ்சிவப்புமாக ஒளிரும். நீர் மிகத் தாழும் நாட்களில் ஆழங்குறைந்த நீரில் இறங்கி இதனைத் திரட்டுவர். எந்த நாளில் திரட்டுவது, எவ்வளவு விட்டுவைப்பது, எவ்வாறு துளையிடுவது என்பவை தாயும் பாட்டியும் சொல்லிக்கொடுத்துக் கைவந்த அறிவாகும். கேப் பாரன் தீவில் 1946-இல் பிறந்த லோலா கிரீனோ இம்மரபின் தலைசிறந்த கலைஞர்களுள் ஒருவர். மாறாக, பாசியிலும் நாரிலும் பொருள் செய்யும் கலை நெடுங்காலம் வழக்கிழந்து கிடந்தது. அதனை மீட்க முனைந்த பெண்கள் அருங்காட்சியகப் பேழைகளில் இருந்த பழம்பொருள்களை ஆராய்ந்து, முடிச்சும் பின்னலும் கற்றுத் தம்முள் பகிர்ந்துகொண்டனர். அம்முயற்சியின் பயனாக 2009-இல் ஹோபார்ட் நகரிலுள்ள தாஸ்மானிய அருங்காட்சியகத்தில் 'தாயெனெபெ' என்னும் கண்காட்சி அமைந்தது. பரிமாற்றம் என்பது அச்சொல்லின் பொருள். பாசியைக் கொண்டு பேருருவான நிறுவற்கலை படைக்கும் விக்கி வெஸ்ட் போன்றோரின் ஆக்கமும் இம்மீட்பினின்று பிரித்துக் காணத்தக்கதன்று. இக்கலைஞர்களின் பெயர்கள் அவர்தம் படைப்போடு பதிவாகின்றன. பெயரின்றிப் பேழைக்குள் வைக்கப்பட்ட ரிக்காவாவிற்கு அவர்கள் அளித்த மறுமொழி அது.

'இயைந்த வாழ்வு' என்னும் புகழ்ச்சி

இச்சான்றைக் கண்ட பின்னரும் தாய்மை உருவகத்தார் தம் நிலையை விடார். 'முதுகுடிப் பெண்கள் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர். அவ்வியைபின் வெளிப்பாடே இக்கலை' என்பர். இது முன்னதினும் நுட்பமான பிழையாகும்.

இயைந்து வாழ்தல் என்னும் தொடர், கற்றறிந்த ஒன்றைப் பிறவிக்குணமாக்கிவிடுகின்றது. நீர் தாழும் நாளை அறிதல் கணக்கறிவு. பாசி எந்தப் பதத்தில் வளையும், எப்போது வெடிக்கும் என அறிதல் பொருளறிவு. அடுத்த ஆண்டுக்கு நத்தை எஞ்சவேண்டும் என அறிதல் வள மேலாண்மை. இவற்றையே ஒரு கடலியலார் செய்திருப்பின் 'ஆய்வு' எனப்படும். பாலவாப் பெண் செய்தால் 'இயைபு' எனப்படுகின்றது. அன்றியும், இயைபைப் புகழ்வோர் அவ்வியைபு குலைக்கப்பட்ட வரலாற்றைப் பேசுவதில்லை. கரையையும் நிலத்தையும் இழந்து, தீவுகளுக்குக் கடத்தப்பட்டு, இனமே இல்லையென அறிவிக்கப்பட்ட பெண்களின் கைத்தொழிலை வெறும் இயைபின் சின்னமாகக் காட்டுதல், நிகழ்ந்த வன்முறையை இரண்டாம் முறை மறைப்பதாகும். ரிக்காவாவை மீண்டும் செய்யும் பெண் முதலில் நிலைநாட்டுவது தன் உரிமையையே.

இதனைக் கூறுவதால் உருவகமே கலைக்கு ஆகாது என்பது கருத்தன்று. கடலைத் தாயாகக் காணும் மரபு பல கடலோர மக்களிடம் உண்டு. அம்மரபு அவர்களை ஒருங்கிணைத்துப் போராடவும் செய்துள்ளது. கடலில் இறங்குவோர் கடலைத் தாயென்று அழைத்தல் அவர்தம் வாழ்வினின்று எழுவது. கரையில் நிற்கும் திறனாய்வாளர் அச்சொல்லை எடுத்து, பெண் யாவர்க்கும் பொதுவான இயல்பாக விரித்துரைத்தல் வேறு. முன்னது நம்பிக்கை, பின்னது கோட்பாடு. மறுக்கப்படுவது பின்னதேயாகும்.

'உணர்வைத் தூண்டினால் போதும்' என்னும் கருத்து

கலையின் பணி உணர்வைத் தூண்டுவது. காரணங்களை ஆராய்வது அறிவியலின் பணி என்று சிலர் விடையிறுக்கலாம். பாசிக்காட்டைப் பொறுத்தவரை இப்பிரிவினை நிற்காது.

வட கலிஃபோர்னியாவை நோக்குக. 2013-இல் நட்சத்திர மீன்களை உருக்குலைக்கும் நோய் பரவியது; முள்ளெலிகளை உண்ணும் சூரியகாந்தி நட்சத்திர மீன் அக்கரையில் ஏறத்தாழ இல்லாதொழிந்தது. 2014 முதல் 2016 வரை கடல்வெப்பம் மிகுந்தது. ஊதா முள்ளெலி பெருகியது. சில ஆண்டுகளில் அங்கிருந்த பாசிக்காட்டில் 90 விழுக்காட்டிற்கு மேல் அழிந்தது. பாசியை உண்டு வாழ்ந்த அபலோனி பட்டினியால் மடிந்தமையால் அதனைப் பொழுதுபோக்காகப் பிடிக்கும் உரிமை 2018-இல் நிறுத்தப்பட்டது. நட்சத்திர மீன் நோய்க்குக் காரணம் ஒரு வகைப் பாக்டீரியா என்பது 2025-இல்தான் தெளிவாயிற்று. தாஸ்மானியாவில் முள்ளெலியை உண்ணும் சிங்கி இறாலை மனிதர் மிகுதியாகப் பிடித்தனர். கலிஃபோர்னியாவில் முள்ளெலியை உண்ணும் நட்சத்திர மீனை நோய் கொன்றது. இரண்டு காடுகளும் ஒன்றுபோல் வெறும் பாறையாயின. காரணம் வேறாதலின் மருந்தும் வேறு. இவ்வேறுபாட்டை அறியாது எழும் இரக்கம் எந்தக் கரையிலும் செயலாகாது.

பாசியைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு, பெயரறிந்து படைத்த கலைக்கு முன்மாதிரியும் உண்டு. ஆங்கிலப் பெண்மணி அன்னா அட்கின்ஸ் 1843-இல் தொடங்கிப் பத்தாண்டுகள் உழைத்துப் பிரித்தானியப் பாசிகளை நீலஒளிப்பட முறையில் பதிவு செய்து பகுதி பகுதியாக நூலாக்கினார். ஒளிப்படங்களைக் கொண்டு அமைந்த முதல் நூல் என அது மதிக்கப்படுகின்றது. அதில் பாசி தாயாகவோ மகளாகவோ உருவகிக்கப்படவில்லை. ஒவ்வொரு பாசியும் தன் பெயரோடும் தன் வடிவோடும் நிற்கின்றது. அந்நூலின் அழகு அத்துல்லியத்தினின்று பிறந்தது. இக்காலத்தில் ஜெர்மானியக் கலைஞர் ஜூலியா லோமான் 2013-இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கடற்பாசித் துறை என்னும் பெயரால் ஒரு பட்டறை அமைத்தார். பாசியை எவ்வாறு பதப்படுத்துவது, வளைப்பது, தைப்பது எனப் பிறரோடு சேர்ந்து ஆராய்வதையே அவர் கலையாக்கினார். இவ்விருவர் படைப்பிலும் உணர்வு குறையவில்லை. அறிவு கலந்தமையால் அது வலுப்பெற்றது.

நெய்தலும் செய்தியும்

தமிழாய்வாளர் இக்கலையை நெய்தல் திணையோடு ஒப்பிடுவது இயல்பு. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல்; கடற்கரையில் வருந்தி நிற்கும் பெண்ணின் உருவம் நினைவில் எழுகின்றது; அழியும் கடலுக்காக இரங்கும் இன்றைய பெண் கலைஞர் அவளோடு இணைத்துக் காட்டப்படுகின்றார். ஆனால் திணையை உரிப்பொருளோடு நிறுத்துதல் திணைக் கோட்பாட்டையே குறைப்பதாகும். தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு முதலியவற்றோடு 'செய்தி' என்பதனையும் சேர்த்தார். செய்தி என்பதற்கு உரையாசிரியர் தொழில் எனப் பொருள் கொண்டனர். மீன் உணக்கலும் புள் ஓப்பலும் உப்பு விற்றலும் நெய்தற் பெண்ணின் தொழில்களாகச் சங்கப் பாடல்களிலேயே பயில்கின்றன. தமிழ்ப் பொருளிலக்கணத்தில் உழைப்பு திணையின் உறுப்பு. அதனை விடுத்து இரங்கலை மட்டும் எடுத்துக்கொண்டவர் பிற்காலத்துத் திறனாய்வாளரே.

பெரும்பாசிக் காடு குளிர்கடலுக்குரியது. அது தமிழகக் கடலில் இல்லை. அதனைத் தமிழ் நெய்தலின் உருவகமாக இரவல் பெறுதல் பொருந்தாது. ஆயினும் மெய்யான தொடர்பு ஒன்று உண்டு. பாம்பன் பகுதிப் பெண்கள் கட்டக்கோரை என அழைக்கும் சர்காசம் பாசி, ரிக்காவா செய்யப்பட்ட டுர்வில்லியா அடங்கும் அதே பாசிவரிசையைச் சேர்ந்தது. தாஸ்மானியாவைச் சார்ந்த கிங் தீவின் கரையில் ஒதுங்கும் டுர்வில்லியாவும், மன்னார் வளைகுடாவின் கட்டக்கோரையும் அல்ஜினேட் என்னும் ஒரே தொழிற்பொருளுக்காகத் திரட்டப்பட்டு வந்துள்ளன.

மன்னார் வளைகுடாவில் பாசி எடுப்போருள் பெண்களே பெரும்பான்மையர். முகக்கண்ணாடி அணிந்து, பாறை கிழிக்காதவாறு விரல்களில் துணி சுற்றி, பாதங்களில் தகடு கட்டி, இடுப்பில் பையோடு அவர்கள் மூழ்குகின்றனர். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என அவர்கள் பாசிகளை வகைப்படுத்தியுள்ளனர். 1986-இல் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடற்பகுதியும் தேசியப் பூங்காவாயின. 1989-இல் அப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகளைக் காக்க அவ்வறிவிப்பு தேவையானதே. ஆனால் தலைமுறைகளாகத் தீவோரத்தில் மூழ்கிய பெண்கள் அதன் விளைவாக அத்துமீறி நுழைவோர் ஆயினர். பின்னர் அப்பெண்களே அமைப்பாகத் திரண்டு, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பதெனத் தமக்குத்தாமே வரையறை வகுத்துக்கொண்டனர். அவர்களுள் ஒருவரும் அவர்தம் உரிமைக்குக் குரல் கொடுத்தவருமான சின்னப்பாலம் இலட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது வழங்கப்பட்டது. தீவுகளின் சூழலைக் காப்போர்க்கு உலக அளவில் அளிக்கப்படும் விருது அது.

இப்பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதுவோர் அவர்களைக் கடலன்னையின் மகளிர் எனப் போற்றி முடிப்பின், அது வனத்துறையின் அறிவிப்புப் பலகைக்கு எவ்விதத்திலும் மாறுபட்டதாகாது. பலகை அவர்களைக் கடலுக்கு ஊறு செய்வோராகக் காண்கின்றது. ஆய்வேடு கடலின் இயல்பான காவலராகக் காண்கின்றது. மாதத்தில் எத்தனை நாள் மூழ்குவது எனக் கூடிப்பேசி முடிவெடுத்த அறிவுடையோராக அவர்களை இரண்டுமே காண்பதில்லை. புகழ்மொழியால் எவர்க்கும் கடலில் இறங்கும் உரிமை கிடைத்ததில்லை. அறிவும் உழைப்பும் சான்றுகளாக எழுத்தில் பதிவாகும்போது உரிமைக்கு வழி பிறக்கின்றது. அப்பதிவைச் செய்யும் வாய்ப்பும் பொறுப்பும் பல்கலைக்கழக ஆய்வுக்கு உண்டு.

முடிவுரை

பாசிக்காட்டைப் பொருளாகக் கொண்ட கலையை ஆராய்வோர் மூன்று வினாக்களை முன்வைத்தல் வேண்டும். இதனைச் செய்த கை யாருடையது? அக்கை எங்கே, யாரிடம் இதனைக் கற்றது? அக்கைக்குரியவருக்கு இக்கரையில் என்ன உரிமை உண்டு? இவ்வினாக்களுக்கு விடை தேடும் திறனாய்வு பெண்ணை இயற்கையின் மறுவுருவாகக் காணாது. உழைப்பவராக, அறிவுடையவராக, உரிமை கோருபவராகக் காணும். சூழலியல் பெண்ணியம் என்னும் சொல் தோன்றியபோது கொண்டிருந்த பொருளும் அதற்கு அணுக்கமானதே.

தமிழாய்வைப் பொறுத்தவரை இதனை உடனடியாகச் செயற்படுத்தத்தக்க இடம் கள ஆய்வு. கடலோரப் பெண்களின் கலையையும் தொழிலையும் பற்றிய ஆய்வேடுகளில், அவர்கள் பாசிக்கும் நீரோட்டத்திற்கும் காற்றுக்கும் வழங்கும் சொற்கள் முறையாகத் தொகுக்கப்படுதல் வேண்டும். சொன்னவர் இசைந்தால் அவர் பெயர் அச்சொல்லோடு பதிவாதல் வேண்டும்; தகவலாளர் என்னும் பொதுச்சொல்லுக்குள் அவரை ஒடுக்குதல் கூடாது. டுர்வில்லியா பொட்டேட்டோரம் என்னும் பெயரில் கலம் செய்தவர் விடுபட்டமைக்கு 18-ஆம் நூற்றாண்டுக் கப்பலில் வந்த ஒரு தாவரவியலார் காரணம். மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் பற்றி எழுதப்படும் தமிழ் ஆய்வேட்டில் அப்பெயரிட்டவர் விடுபடுவாராயின், அதற்கு வேறெவரையும் காரணம் காட்ட இயலாது.